பழைய ஆட்டக்காரன் வேண்டாம்

4 பிப்ரவரி

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நானும் உன் மாமாவும் நன்றாக இருக்கிறோம். உன் இருமல் நின்றதா? போன கடிதத்தில் அதைப் பற்றி நீ மூச்சே விடவில்லை. அதனால் நிற்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். வெந்நீர் குடி. தலையைத் துவட்டாமல் ஜன்னல் பக்கம் உட்காராதே.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமா கோச் வேலையை விடுகிறார். பஸ் பணிமனையின் கூடைப்பந்து அணியைப் பத்தொன்பது வருஷம் கட்டி மேய்த்தது போதுமாம். ஏன் என்று கேட்டால் கால் வலி என்கிறார், இடது கை மரத்துப் போகிறது என்கிறார். டாக்டர் ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை, வயசு ஆகிறது, அவ்வளவுதான்.

புது கோச்சைத் தேர்ந்தெடுக்க மூன்று பேர் குழு போட்டிருக்கிறார்கள். பணிமனை மேனேஜர், பஸ்ஸுக்குத் தகரம் அடிக்கும் நம் 'தகரம்', மூன்றாவது நான். "பதினாறு வருஷமா ஸ்கோர் மேஜையில உக்காந்திருக்கீங்க. பகல் பூரா கண்ணாடிக் கடையில ஊர்க் கண்ணைச் சோதிக்கிறீங்க. ஆளைச் சோதிக்க உங்களை விட்டா யாரு?" என்றார் மேனேஜர். வேலையைத் தலையில் கட்டும்போது மட்டும் அவருக்கு என்னைப் புகழத் தெரியும்.

மூன்று பேர் மனு போட்டிருக்கிறார்கள். முதலாவது, பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர் விசில் மாஸ்டர், கோப்பு நிறையச் சான்றிதழ். அடுத்தது ஒரு பட்டாளத்தார், பட்டாள அணியில் ஆடியவர். கடைசியாகப் பெண்கள் பள்ளி டீச்சர். அவர் தயார் செய்த பிள்ளைகள் மூன்று வருஷமாகத் தோற்கவில்லை. மெக்கானிக்குகளுக்கு ஒரு பெண் கோச்சா என்று டயர் கொட்டகையே கொதிக்கிறது.

மேனேஜருக்கு வேறு கவலை. புதிதாக வந்த கண்டக்டர் ஒல்லி, ஆட்டத்துக்கு முப்பது புள்ளி போடுகிறான். "அவன்தான் நம்ம அச்சாணி. அவனைச் சுத்தித்தான் டீம் கட்டணும். அதுக்கு ஏத்த கோச் வேணும்" என்கிறார். அச்சாணி ஆட்டக்காரன் என்றால் என்ன என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? ஒரு காலத்தில் இந்தப் பணிமனை உன்னைத்தானே அப்படிச் சொன்னது.

ஃபோனில் கேட்டால் முதல் எழுத்திலேயே திக்கி நிற்பாய். கடிதத்தில் மட்டும் வக்கீல் மாதிரி வாதாடுவாய். அதனால் ஆற அமர எழுது. இந்த மூன்று பேரைத் தவிர வேறு யாராவது உன் மனசில் இருந்தாலும் எழுது. மே மாதம்தான் கூட்டம், அதுவரை மனு வாங்குவார்கள்.

உன் கடிதங்களை நான் சத்தமாகத்தான் படிக்கிறேன். ஒன்பது வருஷமாக உன் பேச்சையே எடுக்காத மனுஷர், அப்போது மட்டும் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறார். பக்கத்தைத் திருப்புவதே இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.
உன் அக்கா


15 பிப்ரவரி

அக்காவுக்குத் தம்பியின் வணக்கம்.

இருமல் நின்றுவிட்டது. தானாக நின்றதா, உன் கடிதத்தைக் கண்ட பயத்தில் நின்றதா தெரியாது. நீ நலமா? மாமாவின் கைக்கு இன்னொரு டாக்டரையும் பாருங்கள். மரத்துப் போவதைச் சும்மா விடக்கூடாது.

இங்கே எனக்கு மூச்சுவிட நேரமில்லை. இரண்டு இளையோர் அணிகளையும் என்னிடமே விட்டுவிட்டார்கள். இனிமேல் கடிதத்தை அறை விலாசத்துக்கே போடு. கிளப் அலுவலகத்தில் குமாஸ்தா மாறிவிட்டார், தபால் எங்கெங்கோ போய்ச் சேருகிறது.

விசில் மாஸ்டரை எனக்குத் தெரியும். அவர் பந்தைப் பார்ப்பதில்லை, தப்பைத்தான் பார்ப்பார். நிமிஷத்துக்கு ஒரு விசில், ஆட்டம் நகரவே நகராது. பட்டாளத்தார் ஒழுங்கைக் கொண்டுவருவார், அது நல்லதுதான். ஆனால் ஷிஃப்ட் முடிந்து கை நிறைய கிரீஸோடு வருகிறவனை வரிசையில் நிறுத்தி நகம் பார்த்தால், மறுநாள் அவன் வீட்டுக்குப் போய்விடுவான். டீச்சரைப் பற்றி எனக்குத் தெரியாது. ஒவ்வொருவரையும் ஒரு நாள் பயிற்சி நடத்தச் சொல்லி நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்.

ஒல்லி விஷயத்தில் மேனேஜர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். முப்பது புள்ளி போடுகிறவன் கெட்டிக்காரன். அதற்காக அவன் அச்சாணி ஆகிவிட மாட்டான். அச்சாணியைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அவன் பெஞ்சில் போய் உட்காரும்போது உள்ளே இருக்கும் மற்ற நாலு பேரைக் கவனி. யாரிடம் பந்தைக் கொடுப்பது என்று விழிக்கிறார்களா? காலோடு கால் பின்னிக்கொள்கிறதா? அப்படியானால் வெளியே போனவன்தான் அச்சாணி. டயர் மாட்டும் குண்டு என்று ஒருவனைப் பற்றி எழுதியிருந்தாயே, எதிராளியின் வழியை மறித்துச் சுவர் மாதிரி நிற்பான் என்று. அவன் உள்ளே இருந்தபோது என்ன ஸ்கோர், வெளியே இருந்தபோது என்ன ஸ்கோர் என்று உன் ஸ்கோர் புத்தகத்தில் பிரித்துப் பார். நான் சொல்வது தப்பாக இருந்தால் என் காதைத் திருகு.

மாமாவிடம் சொல்... வேண்டாம், அவர்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாரே. வணக்கம் மாமா.

அன்புள்ள தம்பி


15 பிப்ரவரி, சாயங்காலம்
(இது அனுப்பப்படவில்லை)

அக்கா,

இளையோர் அணியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. டிசம்பரிலேயே கிளப்பைக் கலைத்துவிட்டார்கள். உதவி கோச் என்று சுவரில் மாட்டியிருந்த என் போட்டோவை நானே கழற்றி எடுத்து வந்தேன். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். காலையில் இருபத்திரண்டு பிள்ளைகள், சாயங்காலம் அதே இருபத்திரண்டு. நான் திக்குவதை அவர்கள் அச்சு அசலாகச் செய்து காட்டுகிறார்கள். கோபம் வரவில்லை, சிரிப்புதான் வருகிறது.

எனக்கு அந்த வேலை வேண்டும் அக்கா. 'உன் மாமா விடுகிறார்' என்ற வரியைப் படித்ததும் வேனுக்குள் சட்டென்று எழுந்து கூரையில் தலையை இடித்துக்கொண்டேன். மைதானத்துக்குள் எனக்குத் திக்காது, உனக்கே தெரியும். பஸ் கழுவும் இடத்துக்கும் டயர் கொட்டகைக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சிமெண்டுத் தரையில் எந்த இடத்தில் பந்து எகிறாது என்பதுகூட எனக்கு மனப்பாடம்.

ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பேன்? மாமா என்னைச் சுற்றி ஒரு அணியைக் கட்டினார். இறுதிப் போட்டிக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, பெரிய கிளப் கூப்பிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். நீ பஸ் நிற்கும் இடம் வரை வந்து "போகாதடா" என்றாய். நான் உன் முகத்தைப் பார்க்காமல் ஏறினேன். அந்த மனுஷர் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். இங்கே வேலை போய்விட்டது, உங்கள் இடத்தைக் கொடுங்கள் என்று எழுதக் கை கூசுகிறது.

நீயாக ஒரு வார்த்தை கூப்பிட்டால் அடுத்த வண்டியில் வந்துவிடுவேன். நீயாகக் கூப்பிடு.


12 மார்ச்

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். 'வணக்கம் மாமா' என்ற இடத்தில் செய்தித்தாள் லேசாக ஆடியது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

உன் காது தப்பித்தது. ஐந்து ஆட்டங்களைப் பிரித்துப் பார்த்தேன். குண்டு உள்ளே இருந்த நேரத்தில் நாம் மொத்தம் நாற்பத்தொரு புள்ளி முன்னால். அவன் வெளியே இருந்த நேரத்தில் இருபத்தாறு புள்ளி பின்னால். அவன் தன் கையால் போட்டது வெறும் பதினெட்டுதான். மேனேஜரிடம் காட்டினேன். "இந்த ஆளா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கடைக்கு வாருங்கள், கண்ணைச் சோதித்து விடுகிறேன் என்றேன்.

நீ சொன்னபடி மூன்று பேரும் ஒவ்வொரு நாள் பயிற்சி நடத்தினார்கள். விசில் மாஸ்டர் ஒரு மணி நேரத்தில் எண்பத்திரண்டு தடவை ஊதினார், குறித்து வைத்திருக்கிறேன். பட்டாளத்தார் எல்லோரையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். இரண்டு பேர் ஓடுகிற வாக்கிலேயே கேட்டைத் தாண்டி வீட்டுக்குப் போய்விட்டார்கள். டீச்சர் வித்தியாசம். முதல் இருபது நிமிஷம் பந்தையே கொடுக்கவில்லை. யாருக்கு எந்த இடத்தில் பந்து வந்தால் சௌகரியம் என்று ஒவ்வொருவரையும் அந்த இடத்தில் நிற்கச் சொன்னார். குண்டிடம் இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. அவன் வெட்கப்பட்டுக் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். பிறகு டீச்சர் பெஞ்சில் இருப்பவர்களிடம் போய், "நீங்க உள்ள என்ன பாத்தீங்க?" என்று கேட்டார்.

இன்னொரு புத்தகத்தையும் உன் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். நீ போன பிறகு வந்த வருஷத்துப் புத்தகம். பதினாலு ஆட்டம், பதினொன்றில் தோல்வி. காலோடு கால் பின்னும் என்றாயே, பின்னத்தான் செய்தது. சும்மா சொல்லத் தோன்றியது, சொன்னேன்.

தகரம் ஒரு யோசனை சொன்னார். "நம்ம டீம்ல ஆடின பழைய ஆள் யாராச்சும் கோச்சா வந்தா என்ன?" நான் வாயைத் திறக்கவில்லை. நீ என்ன நினைக்கிறாய்? மனசில் பட்டதை எழுது. என்ன எழுதினாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா


30 மார்ச்

அக்காவுக்கு வணக்கம். மாமாவுக்கும்.

நான் சௌக்கியம். உங்கள் இருவரின் உடம்பும் தேவலை என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதம். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

அந்த வருஷத்துப் புத்தகத்தை எடுத்தாய் என்று படித்ததும் கொஞ்ச நேரம் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். நீ சும்மா எழுதுகிறவள் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாய், வாங்கிக்கொண்டேன்.

தகரம் நல்ல மனசுக்காரர். யாரை நினைத்துக்கொண்டு சொன்னாரோ, எனக்குத் தெரியாது. ஆனால் நீ கேட்டதால் சொல்கிறேன். பழைய ஆட்டக்காரன் வேண்டாம். அதுவும் ஒரு காலத்தில் அச்சாணி என்று பேர் வாங்கியவன் வேண்டவே வேண்டாம். அப்படிப்பட்டவன் பந்தை வாங்கியே பழகியவன். அது யார் கையிலிருந்து, எத்தனை பேர் இடிபட்டு, தன்னிடம் வந்து சேர்ந்தது என்று திரும்பிப் பார்த்திருக்க மாட்டான். தனக்கு வந்ததெல்லாம் மற்றவனுக்கும் வரும் என்று நினைப்பான், வராதபோது கத்துவான். இன்னொன்றும் இருக்கிறது. ஒரு தடவை விட்டுப் போனவன் என்று பையன்களுக்குத் தெரியும். அவன் பையைத் தூக்கும்போதெல்லாம் வாசலைப் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கிற அணி எப்படி ஜெயிக்கும்?

டீச்சரைப் போடுங்கள். பெஞ்சில் இருப்பவனிடம் போய் 'என்ன பார்த்தாய்' என்று கேட்கிற கோச்சை நான் இந்த வயசு வரைக்கும் ஒரே ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன், அவர் இப்போது செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். குண்டு நிற்கும் இடத்தை டீச்சர் கேட்டாரே, அந்த ஒரு கேள்விக்கே வேலையைக் கொடுக்கலாம். கொட்டகைக்காரர்கள் ஒரு மாசம் முணுமுணுப்பார்கள். இரண்டு ஆட்டம் ஜெயித்தால் வாயை மூடிக்கொள்வார்கள்.

இது என் உறுதியான அபிப்பிராயம். உங்கள் குழுவில் யார் கேட்டாலும் சொல்லலாம்.

பணிவுடன்
தம்பி


20 மே

தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல்.

பன்னிரண்டாம் தேதி கூட்டம் நடந்தது. உன் கடிதத்தை அங்கே படிக்கச் சொன்னது உன் மாமாதான். முழுக்கப் படித்தேன். "இதுக்கு மேல என்ன இருக்கு?" என்றார் மேனேஜர். டீச்சரை நியமித்துவிட்டார்கள். உன் மாமாவும் "அவன் சொல்றது சரிதான்" என்றார்.

தகரத்துக்கு உன் எழுத்து ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அந்தக் கடிதத்தை வாங்கிப் பணிமனை அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்திருக்கிறார். ஷிஃப்ட் மாறும்போது எல்லோரும் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா


15 ஜூலை

அன்புத் தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய்? போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதிலே வரவில்லை. நானும் கொஞ்சம் வெடுக்கென்று எழுதிவிட்டேன், எனக்கே தெரிகிறது. அதை மனசில் வைத்துக்கொள்ளாதே.

டீச்சர் வந்த பிறகு நாலு ஆட்டத்தில் மூன்று வெற்றி. குண்டுதான் இப்போது கேப்டன். ஒல்லியின் புள்ளி முப்பதிலிருந்து பத்தொன்பதாக இறங்கிவிட்டது. முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இப்போது மற்றவன் கூடை போட்டாலும் சந்தோஷத்தில் கத்துகிறான். நீ சொன்னது சொன்னபடி நடக்கிறது. உன் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்கத்தான் ஸ்கோர் மேஜையில் உட்காருகிறேன், கிடைக்க மாட்டேன் என்கிறது.

உன் மாமா இப்போது மைதானத்துக்கு வருவதில்லை. உடம்பு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிறது. உன் பழைய கடிதங்களைப் படிக்கச் சொல்லி அவரே கை காட்டுகிறார். செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடிப்பதையும் விட்டுவிட்டார்.

உங்கள் அணியின் பேரை இந்த வருஷம் பத்திரிகையில் எங்கேயும் காணோமே, ஏன்? விடுமுறை எப்போது விடுவார்கள்? ஒரு தடவை வந்துவிட்டுப் போயேன். இரண்டு நாள் போதும். சீக்கிரம் வந்தால் நல்லது.

உன் அக்கா


30 ஜூலை

அக்காவுக்கு,

நான் நலம். பதில் போடாததற்கு மன்னித்துக்கொள், வேலை அதிகம். டீச்சர் ஜெயிப்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். குண்டுக்கு என் பாராட்டைச் சொல்.

எங்கள் அணி இந்த வருஷம் சின்னப் போட்டிகளில்தான் ஆடுகிறது, அதனால்தான் பத்திரிகையில் வருவதில்லை. ஆகஸ்ட் முழுக்கப் பயிற்சி இருக்கிறது. செப்டம்பரில் கட்டாயம் வருகிறேன். வரும்போது நல்ல செய்தியோடு வர வேண்டும் என்று ஆசை. மாமாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

தம்பி


18 ஆகஸ்ட்

தம்பி,

உன் மாமா போய்விட்டார். போன செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு.

சனிக்கிழமை வரை கண் திறந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதுவும் இல்லை. புதன்கிழமை காலை உன் கிளப் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டேன், உன்னிடம் சேர எனக்குத் தெரிந்த எண் அது ஒன்றுதான். யாரோ ஒரு நாற்காலிக் கடைக்காரர் எடுத்தார். "அந்த டீமா? அதை டிசம்பர்லயே கலைச்சுட்டாங்களேம்மா. இப்ப இது எங்க குடோன்" என்றார். உன்னைப் பற்றிக் கேட்டேன். "திக்கித் திக்கிப் பேசுவாரே, அவரா? ஸ்கூல் வேன் ஓட்டுறதாக் கேள்வி" என்றார். பக்கத்து அறையில் உன் மாமாவைக் கிடத்தியிருந்தது. எப்படியாவது உன்னைத் தேடிச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அந்தக் கடைக்காரரும் ஒப்புக்கொண்டார். சாயங்காலம் வரை உனக்காக வைத்திருந்தோம். அதற்கு மேல் வைக்க முடியவில்லை.

இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். இனிமேல் மறைத்து யாருக்கு என்ன லாபம்?

ஜனவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை மரத்துப் போனது என்று எழுதினேனே, பாதி உடம்பே போய்விட்டது. பேச்சு குழறியது. "உன் தம்பி மாதிரி ஆயிட்டேன்" என்று சொல்லிச் சிரிப்பார். ஆறேழு மாசம்தான் என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். கடைசி ஒரு மாசம் பேச்சே இல்லை, கையைக் காட்டுவதோடு சரி. மனு வாங்க மே மாதம் வரை நேரம் கொடுக்கச் சொன்னது அவர்தான். உனக்காக. "அவன்தான் வரணும். வேற யாருக்கும் இந்தத் தரை தெரியாது" என்றார். எழுதிக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். கூடாது என்றார். "நான் சாகப் போறேன்னு பரிதாபப்பட்டு அவன் வர வேண்டாம். ஆசைப்பட்டா வரட்டும். அவனே கேக்கட்டும்."

அதனால்தான் வளைத்து வளைத்து உன்னைக் கேட்டேன். வேறு யாராவது உன் மனசில் இருக்கிறார்களா என்று கேட்டது அதற்குத்தான். தகரம் சொன்னதாக எழுதியதை நானேதான் சொன்னேன். அந்த வருஷத்துப் புத்தகத்தை எடுத்தது உன்னைக் குத்திக் காட்ட இல்லையடா. நீ இல்லாமல் இங்கே எப்படி இருக்கிறது என்று சொல்லத்தான். எனக்கு அப்படித்தான் சொல்லத் தெரிந்தது.

மார்ச் மாதக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அவர் செய்தித்தாளைக் கீழே வைத்தார். கூட்டத்தில் படி என்றார். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில்தான் மிச்சத்தைச் சொன்னார். "அவனுக்கு வர இஷ்டமில்ல. அதை மரியாதையா எழுதியிருக்கான். இனிமே அவனைத் தொந்தரவு பண்ணாத." நானும் அதையே நம்பினேன். அவ்வளவு நன்றாக எழுதியிருந்தாய்.

ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா நீ? எனக்கு உன்மேல் இருக்கிற கோபம் சொல்லி மாளாது. நானும்தான் ஒரு வரி எழுதியிருக்கலாம். ஒரு தடவை பஸ் நிற்கும் இடத்தில் உன்னைக் கேட்டு, நீ கேட்காமல் போனதைப் பார்த்தவள். இன்னொரு தடவை கேட்கப் பயந்துவிட்டேன்.

அக்கா


29 ஆகஸ்ட்

அக்கா,

உன் கடிதம் இருபத்தாறாம் தேதிதான் கைக்கு வந்தது. கடைக்காரர் யாரும் என்னைத் தேடி வரவில்லை. வேனில் பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள், முதல் வரியைப் படித்ததும் கண் இருட்டிவிட்டது. ஒரு சின்னப் பெண் என்னிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டியது. எல்லோரையும் பள்ளியில் இறக்கிவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்தி, வாய்விட்டு அழுதேன்.

நீ அழும்போது பக்கத்தில் நான் இல்லை. மாமாவைத் தூக்கும்போது தோள் கொடுக்க நான் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை, இப்போது ஒரு தடவை.

உன் முதல் கடிதத்துக்குப் பதில் எழுதிய அன்றே இன்னொன்றும் எழுதினேன். தபால்பெட்டி வரை கொண்டுபோய்த் திரும்பி எடுத்து வந்தேன். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். இப்போது அதைப் படித்து ஒரு பிரயோஜனமும் இல்லை, ஆனால் அது உனக்கு எழுதியது, உன்னிடம்தான் இருக்க வேண்டும். மார்ச்சில் எழுதியது முழுக்க மாமா கேட்பதற்காக எழுதியது. நான் இன்னும் அவர் இடத்துக்கு ஆசைப்படுகிற பழைய ஆள் இல்லை, புத்தி வந்துவிட்டது என்று அவர் நினைக்க வேண்டும் என்று எழுதினேன். 'போடா, நீயே வாடா' என்று யாராவது சொல்வீர்கள் என்று மே மாதம் முழுக்கத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் முழுக்கப் பயிற்சி என்று எழுதினேனே, ஒன்றும் இல்லை. செப்டம்பருக்குள் ஏதாவது ஒரு பள்ளியில் கோச் வேலை பிடித்துக்கொண்டு நிமிர்ந்து வரலாம் என்று பார்த்தேன்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். எனக்கு வர இஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டேவா மாமா போனார்? உண்மையைச் சொல்.

தம்பி


6 செப்டம்பர்

அன்புத் தம்பிக்கு,

சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? நான் போன வாரத்திலிருந்து கடைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். டீச்சர் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். பலகையில் இருந்த உன் கடிதத்தைத் தகரம் எடுத்து வந்து என்னிடம் கொடுத்துவிட்டார். அவராகவே புரிந்துகொண்டார். நீ அனுப்பிய பிப்ரவரிக் கடிதத்தை அதோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். போன கடிதத்தில் அழுகையில் ஒன்றை எழுத விட்டுவிட்டேன். மாமா அப்படி நினைத்துக்கொண்டு போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவருக்கு நினைவு நன்றாக இருந்தது. தலையணையை உயர்த்தி வைத்து உட்கார வைத்தேன். "தம்பிக்கு இங்க வரணும்னுதான் ஆசை. அங்க வேலையும் இல்ல. உங்ககிட்ட கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு அப்படி எழுதிட்டான்" என்று அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "மடப்பய, நேராக் கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றார். தெளிவாகச் சொன்னார், கொஞ்சம்கூடக் குழறவில்லை. அப்புறம் நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

இதுதான் நடந்தது. இதை நினைத்து நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

உன் அக்கா


14 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சாப்பிடுகிறேன். தூக்கம் இப்போதுதான் கொஞ்சம் வருகிறது, உன் கடிதம் வந்த பிறகு. நீயும் நேரத்துக்குப் படு.

ஆகஸ்டில் நீ எழுதியதையும் இப்போது எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன். சனிக்கிழமையே உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவும் மாட்டேன். மாமாவுக்குத் தெரியும் என்று நீ சொல்கிறாய், அவருக்குத் தெரியும். அவ்வளவுதான்.

வேனை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். கோச் வேலைக்கு இல்லை, அதில் டீச்சர் நன்றாக இருக்கிறார். பணிமனையில் டிரைவர் வேலை இருக்கிறதா என்று மேனேஜரைக் கேட்பேன். இந்த முறை நேராகவே கேட்பேன், திக்கினாலும் பரவாயில்லை.

நீ எனக்கு ஒன்று செய்ய வேண்டும். சனிக்கிழமை மாமா சொன்னதை எனக்கு எதிரில் உட்கார்ந்து உன் வாயால் ஒரு தடவை சொல். முன்னே பின்னே மாறினாலும் நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

தம்பி